நீலக் காபன் இருக்கட்டும், ‘மீள்நடுகை’யை விடுவோம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கரையோர வாழிடங்களை மீட்டுக் காபனைச் சேமிக்கும் அரச கொள்கைகள் பற்றி ஆசிரியர்களுக்காக நாம் தயாரிக்கும் கைந்நூலில் நான்கு சொற்கள் இன்னும் முடிவாகாமல் நிற்கின்றன. கரையோரத் தாவரமும் அதன் அடிச் சேறும் சேர்த்து வைத்திருக்கிற காபனைக் குறிக்கும் ‘புளூ காபன்’ என்ற ஒன்றைப் பற்றித்தான் இதுவரை வந்த மடல் எல்லாம். மற்ற மூன்றையும் யாரும் தொடவில்லை. எனக்கு அந்த மூன்றும்தான் முக்கியமாகப் படுகின்றன. அதனால் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

> ‘நீலக் கரிமம்’ என்பதுதான் தமிழ். ‘காபன்’ எதற்கு?

சென்னைத் தோழருக்கு: கரிமம் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் இங்கே இலங்கையில் பிள்ளைகள் காபன், காபனீரொட்சைட்டு, ஒட்சிசன் என்றுதான் உயர்தரம் வரைக்கும் படிக்கிறார்கள். பரீட்சை வினாத்தாளும் அப்படித்தான் வருகிறது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பதே பெரிய பாடு. அங்கே ஒரு பொருளுக்கு இரண்டு பெயரைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பதிப்பு வரும்போது ‘நீலக் கரிமம்’ என்று மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

> நீலம் வெறும் நிறம். ‘கடற்காபன்’ அல்லது ‘கரைக்காபன்’ என்றால் பொருள் நேரே விளங்குமே?

மட்டக்களப்பு டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கடற்காபன் என்றால் கடல்நீரில் கரைந்திருக்கிற காபன் முழுவதும் உள்ளே வந்துவிடும். அது பேரளவு. எந்த அரசாங்கமும் வேலி போட்டோ கன்று வைத்தோ அதைக் கூட்டவோ காக்கவோ முடியாது. ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் உணவு விவசாய அமைப்பும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் சேர்ந்து 2009இல் அறிக்கை வெளியிட்டபோது இந்தப் பெயர் பரவியது. இன்று கொள்கைகளில் அது பெரும்பாலும் மூன்று வாழிடங்களைக் குறிக்கிறது: கண்டல் (மாங்குரோவ்) காடு, உவர்ச் சதுப்பு, கடற்புல் படுகை. மூன்றும் மனிதன் காக்கவும் கெடுக்கவும் கூடிய இடங்கள். கொள்கை பேச இடம் இருப்பதே அதனால்தான். கரைக்காபன் என்றாலோ ‘கரைந்த காபன்’ பக்கத்திலேயே வந்து நிற்கும். பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். சிங்களத்திலும் ‘நில் காபன்’ என்றே சொல்கிறார்கள். சரி, நீலக் காபன் என்று முடித்துவிடலாம்.

அந்த நான்கில் சேராவிட்டாலும், மாங்குரோவுக்கு அலையாத்தியா கண்டலா என்பதிலும் எனக்குக் கண்டல்தான். இங்கே பாடநூலும் திணைக்களமும் அந்தச் சொல்லைத்தான் ஆள்கின்றன. சங்கப் பாட்டில் ‘கண்டல் வேலி’ என்ற தொடர் வருகிறதே, கழிக்கரை ஊருக்குக் கண்டலே வேலி என்று. கரை காக்கிற மரத்துக்கு அதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

இனி ‘செக்குவெஸ்ட்ரேஷன்’, அதாவது காபனை எடுத்து நெடுங்காலம் சேமித்து வைத்தல். வரைவில் ‘காபன் உறிஞ்சல்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். உறிஞ்சல் என்றால் இலை வளியிலிருந்து காபனீரொட்சைட்டை எடுப்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு உயர்தரப் பாடத்தில் ‘காபன் பதித்தல்’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. தேயிலைச் செடியும் பதிக்கிறது, சவுக்கும் பதிக்கிறது, வேலியோரத்துப் புல்லும் பதிக்கிறது. கண்டலின் சிறப்பு அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. உதிர்ந்த இலையும் செத்த வேரும் சேற்றுக்குள் போகின்றன. அந்தச் சேறு எப்போதும் நீரில் ஊறியிருப்பதால் மேற்படைக்குக் கீழே ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே உக்கிப்போவது மிக மெதுவாக நடக்கிறது. நன்னீர்ச் சதுப்பென்றால் மெதேன் வாயு கிளம்பி இந்த நன்மையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கடல்நீரில் சல்பேற்று இருப்பதால் மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே அவ்வளவாகத் தலையெடுப்பதில்லை. வருடா வருடம் மேலே புது அடையல் படிய, பழையது கீழே போய்க்கொண்டே இருக்கும்.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்து-பசிபிக் பகுதியில் 25 கண்டல் காடுகளை அளந்தது. ஹெக்டயருக்குச் சராசரியாக 1,023 தொன் காபன் இருந்தது. அதில் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணுக்குள். மரத்தைப் பார்த்து மயங்கி நின்றால் பாதிக்கு மேற்பட்டதைக் கணக்கில் விட்டுவிடுவோம்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘காபன் புதைவு’. புதைகிற செயலுக்கு அது. சேற்றில் இதுவரை சேர்ந்திருக்கிற மொத்த அளவுக்குக் ‘காபன் இருப்பு’. இந்த இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். புதைவு வருடத்துக்கு இவ்வளவு என்று மெல்லச் சேர்வது. இருப்பு நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. புத்தளம் பக்கத்தில் 1980களிலிருந்து இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டிச் சேற்றைத் தோண்டியபோது போனது இருப்பு. தோண்டிய சேற்றில் காற்றுப் பட்டதும் பழைய காபன் காபனீரொட்சைட்டாகக் கிளம்பிவிடும். புதிதாகக் கன்று வைத்து அதை நம் ஆயுளில் ஈடுகட்ட முடியாது. எந்தக் கொள்கையிலும் ‘இருப்பதைக் காத்தல்’ முதல் வரியாகவும் ‘இழந்ததை மீட்டல்’ இரண்டாவது வரியாகவும் வருவது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வரிசை வாசிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்புறம் ‘ரெஸ்டோரேஷன்’, அதாவது கெட்டுப்போன வாழிடத்தை மீட்டெடுத்தல். வரைவில் ‘மீள்நடுகை’ என்று இருக்கிறது. நண்பர்களே, இதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நடுவது பெரிய இயக்கமாக நடந்தது. பல அமைப்புகள் பணம் கொடுத்தன, பாடசாலைப் பிள்ளைகளும் வந்து நட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய் என்ன மிஞ்சியது என்று பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டிருந்ததில் தேறியது 200 முதல் 220 ஹெக்டயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்த இடங்கள் மூன்றே: கல்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. காரணங்களைப் படித்தால் மனம் கனத்துப் போகிறது. கண்டல் வளராத உயரத்தில் நட்டிருக்கிறார்கள். எந்த இனம் எங்கே நிற்கும் என்று பார்க்காமல் நட்டிருக்கிறார்கள். மாடு வந்து மேய்ந்திருக்கிறது. நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. இலங்கையில் வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் கிடையாது. அப்படிப்பட்ட கரையில் நிலம் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் கன்றின் தலையெழுத்தே மாறிவிடும்.

நட்ட எண்ணிக்கையை வெற்றி என்று எழுதிக்கொள்ள ‘மீள்நடுகை’ இடம் கொடுக்கிறது. நடுகை முடிந்த அன்றே வேலை முடிந்தது என்று ஆகிவிடும். உண்மையில் கைவிடப்பட்ட இறால் குட்டைகளில் முதலில் செய்ய வேண்டியது வரம்பை உடைத்துக் கடல்நீர் பழையபடி வந்துபோக விடுவது. நீரோட்டம் சரியானால், பக்கத்தில் தாய்மரம் இருந்தால், பல இடங்களில் நாற்று தானாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். நட வேண்டிய தேவையே வராத இடமும் உண்டு. உவர்ச் சதுப்பை மீட்பதில் நடுகை இன்னும் சிறிய பங்கு.

மலையகத்தில் இதைப் புரியவைக்கச் சிரமமே இல்லை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கியதும் யாரும் மறுநாளே கன்று வைப்பதில்லை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சொல்கிறபடி மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றி, கான் (வடிகால்) வெட்டி, அதற்குப் பிறகுதான் கன்று. மண்ணைத் தேற்றாமல் நட்ட மலை எப்படியிருக்கும் என்று கொழுந்து எடுக்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லுவார்.

எனவே ‘வாழிட மீட்பு’ என்று எழுதுவோம். அதன் கீழே ‘நீரோட்ட மீட்பு’, ‘இயற்கை மீள்வளர்ச்சி’, ‘நடுகை’ என்று மூன்று உட்சொற்கள் வரட்டும். நடுகை அந்தக் கடைசி இடத்திலேயே இருக்கட்டும்.

கொள்கைப் பக்கத்தில் இலங்கை செய்தவற்றையும் கைந்நூலில் விடாமல் சேர்க்க வேண்டும். பொதுநலவாய நாடுகள் கடலைக் காக்கச் செய்துகொண்ட உடன்பாடான நீலப் பட்டயத்தில் கண்டலுக்கான செயற்குழுவை நடத்துவது இலங்கைதான். கண்டலுக்கான தேசியக் கொள்கைக்கு 2020இல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக்கும் ஐ.நா. தீர்மானத்தை 2022இல் கொண்டுவந்ததும் இலங்கையே. கண்டல் மீட்பு முயற்சியை ஐ.நா. 2024இல் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்த முயற்சியில் ஆய்வும் நீரோட்டமும் முன்னுக்கு வந்திருப்பதைப் பார்க்கிறேன். நிர்வாகம் அப்படி மாறும்போது நம் சொல் மட்டும் பழைய இடத்தில் நிற்கக் கூடாது.

நான்காவது சொல்லுக்கு வருகிறேன். ‘அலோக்தனஸ் காபன்’. கண்டல் சேற்றில் இருக்கிற காபன் எல்லாம் அங்கே வளர்ந்த மரத்தினுடையது இல்லை. ஒரு பங்கு ஆற்றோடு வந்தது. அங்கேயே விளைந்ததைத் ‘தன்விளை காபன்’ என்று வரைவு சொல்கிறது, அது நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்ததற்கு ‘வந்தேறு காபன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சொல் வேண்டாம். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தாவரவியலில் ‘வந்தேறு இனம்’ என்று பழகிய கை. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003வரை சட்டம் போட வேண்டியிருந்தது. இடையில் மூன்று தலைமுறை கேட்ட வசை அந்த ‘வந்தேறி’. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வருகிற பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தில், கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய பொருளின் பெயராக அதைப் படிக்கக் கூடாது. ஆம், கழிக்க வேண்டியதுதான். காபன் வரவு (சேமித்த காபனுக்கான சான்று) விற்கிற திட்டம் ஆற்றோடு வந்த காபனைத் தன் உழைப்பாகக் காட்டக் கூடாது என்று, அத்தகைய திட்டங்களுக்குத் தரம் வகுக்கும் வெர்ரா அமைப்பின் முறையியலில் விதியே உண்டு. விதி சரியானது. பெயர்தான் பிழை.

‘வரத்துக் காபன்’ என்று வைப்போம். நீர்வரத்து எல்லோருக்கும் தெரிந்த சொல், அளவைக் குறிக்கவும் பழகியது. அதில் யாரையும் தள்ளிவைக்கிற தொனி இல்லை.

இந்தச் சொல் எங்களுக்கு இன்னொரு வழியிலும் தேவைப்படுகிறது. ஹட்டன் ஓயா மகாவலியில் சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. நோர்வூட், மஸ்கெலியா நீர் களனியோடு மேற்கே போகிறது. கான் தூர்ந்துபோன தேயிலை மலையில் மழை பெய்தால் கறுத்த மேல்மண் ஓடையில் இறங்குவதைப் பார்க்கத் தனிப்பயிற்சி வேண்டாம். அதில் ஒரு பகுதி கொத்மலையிலும் விக்டோரியாவிலும் ரந்தெனிகலையிலும் படிந்துவிடுகிறது. மீதி கீழே போகிறது. அளவுக்கு மிஞ்சிய வண்டல் கடற்புல்லை மூடும், தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கும். வண்டலே வராவிட்டால் கண்டல் சேறு கடல்மட்டத்தோடு சேர்ந்து உயர முடியாமல் பின்தங்கும். மேட்டில் மண் காப்பதும் அணை கட்டுவதும் கழிமுகத்துக் காபன் கணக்கில் போய் நிற்கின்றன. ஆனால் கரையோரக் கொள்கையைக் கரையோரத் திணைக்களம் எழுதுகிறது, தேயிலை மண்ணை வேறு அமைச்சு பார்க்கிறது, மகாவலிக்கு இன்னோர் அதிகாரசபை. ‘வரத்துக் காபன்’ என்ற பதிவில் ‘மேல்நிலப் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால், நாங்கள் வகுப்பில் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

நான் பரிந்துரைக்கும் பதிவு:

நீலக் காபன்: கண்டல் காடு, உவர்ச் சதுப்பு, கடற்புல் படுகை ஆகியவற்றின் தாவரத்திலும், அதைவிடக் கூடுதலாக அவற்றின் அடியிலுள்ள சேற்றிலும் சேர்ந்திருக்கும் காபன். வாழிடம் கெட்டால் காபனீரொட்சைட்டாக வெளியேறும்.

இதில் ‘சேற்றிலும்’ என்ற சொல்லை யாரும் சுருக்கத்துக்காக வெட்டிவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை, மன்னார் அண்ணாதான் சொல்ல வேண்டும். கரையில் ஒதுங்குவதை வடக்கில் ‘சாதாழை’ என்கிறார்கள். அந்தச் சொல் கடற்புல்லை மட்டும் குறிக்கிறதா, பாசியையும் சேர்த்தா? புல்லுக்கு வேர் உண்டு, அடியில் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும். பாசிக்கு அது இல்லை. காபன் கணக்கில் இரண்டும் வேறு. கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டு அடுத்த மடலில் எழுதுங்கள் அண்ணா. அதுவரை அந்த இடத்தைக் ‘கடற்புல்’ என்றே விட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து