சிங்கப்பூர் பயணம்: மாத்திரையை எப்படிக் கொண்டுபோவது?

காவிரிக்கரை:
மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். ஒரு மாதம் தங்கல். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கும் டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரை, தினம் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். விமான நிலையத்தில் பையைக் கிளறினால்? மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிடலாமா? அந்தப் பாட்டில் நடக்கும்போதெல்லாம் கலகலவென்று ஊரைக் கூட்டுகிறது.

பழைய பயணி:
மாற்றாதீர்கள் அம்மா. பெயர் தெரியாத மாத்திரைதான் சந்தேகத்தைக் கிளப்பும். பாட்டிலுக்குள் கொஞ்சம் பஞ்சை வையுங்கள், சத்தம் அடங்கிவிடும். மருந்துப் பெயர் மட்டும் எழுதிய மருத்துவர் கடிதம் போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை. கைப்பையிலேயே வையுங்கள், பத்து நாளைக்குக் கூடுதலாகவும் கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் குறுகிய காலம் வந்துபோக இருந்த தடையைச் சிங்கப்பூர் 2015-இல் நீக்கிவிட்டது. வேலை அனுமதி, நீண்ட காலத் தங்கல் அனுமதி கேட்பவர்களுக்குத்தான் இன்னும் பரிசோதனை.

மருந்தாளுநர்:
இங்கே ஒன்பது என்றால் அங்கே பதினொன்றரை. தூக்கம் தாங்காவிட்டால் முதல் நாளிலிருந்தே அங்கத்திய ஒன்பதுக்குச் சாப்பிடுங்கள்; இரண்டரை மணி நேரம் முந்துவதால் கெடுதல் இல்லை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வெறும் வயிற்றில் சேர்த்துச் சாப்பிட்டால் டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் மருந்து உடலில் சரியாகச் சேராது. டி.எல்.டி.யை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள், அல்லது அவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து.

காவிரிக்கரை:
மூட்டுவலிக்குக் கால்சியம் உண்டு. காலைக்கு மாற்றிவிடுகிறேன். மருமகன் கேட்டால் சத்து மாத்திரை என்று மகளே சொல்லிக்கொள்வாளாம்.