'ழ' எழுதும் ஜிஃப் செய்ய எந்தத் தளம் நல்லது?

வணக்கம். மும்பை தாராவியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். 'ழ'வை எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்று திணறுகிறார்கள், பாவம். கை எழுதுவதை போனில் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும் ஜிஃப்பாக வாட்ஸ்அப்பில் பெற்றோருக்கு அனுப்ப ஆசை.

ஜிஃபி, டெனார் தளங்கள் எல்லாம் ரெடியாக இருக்கும் ஜிஃப்களைத் தேட நல்லவை. எனக்கு வேண்டியது சொந்தமாகச் செய்வது. இஸிஜிஃப் (Ezgif) தளத்தில் செய்து பார்த்தேன்: இலவசம், வாட்டர்மார்க் இல்லை, வேகத்தையும் குறைக்கலாம். ஆனால் ஜிஃப் என்றாலே ஃபைல் கனமாகிவிடுகிறது. ஒரு ஃபிரேமுக்கு (அசைவில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 256 நிறம்தான் என்பதால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி, அகலத்தையும் குறைத்தேன், இப்போது பரவாயில்லை.

போனிலேயே முடிகிற, கணக்கு தொடங்கச் சொல்லாத வேறு தளம் யாராவது பயன்படுத்துகிறீர்களா? நொடிக்கு எத்தனை ஃபிரேம் வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறே 'ழ' வகுப்பு.