எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ பொருந்துமா?

இழை: காலநிலை இடர் மதிப்பீட்டுச் சொற்கள் – எக்ஸ்போஷர்

வணக்கம்.

மாவட்ட அளவிலான காலநிலை இடர் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தமிழாக்கும்போது திரும்பத் திரும்ப இடறுகிற சொல் எக்ஸ்போஷர் (exposure). ஹசார்டுக்குத் தீங்குநிகழ்வு, ரிஸ்க்குக்கு இடர், வல்னரபிலிட்டிக்கு (எளிதில் கேடடையும் உள்நிலை) நலிவுநிலை, அடாப்டேஷனுக்குத் தகவமைப்பு என்று இங்கே ஓரளவு ஒத்துப்போயிருக்கிறோம். எக்ஸ்போஷருக்கு மட்டும் அகராதியில் முதலில் கிடைத்த ‘வெளிப்பாடு’ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும்.

‘வெப்ப வெளிப்பாட்டைக் குறைக்கும் நடவடிக்கைகள்’ என்ற தலைப்பைப் பார்க்கிற ஊராட்சிச் செயலருக்கு என்ன தோன்றும்? வெப்பத்தை வெளிவிடும் ஆலை, புகைபோக்கி, கார்பன். அதாவது உமிழ்வுக் குறைப்பு. மூலத்தில் இருப்பதோ, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர் நண்பகல் வெயிலில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. ஒன்று காலநிலை மாற்றத்தைத் தணிப்பது, மற்றது அதற்குத் தகவமைவது. இரண்டுக்கும் வேறு வேறு துறை, வேறு வேறு நிதித்தலைப்பு.

நமக்கு வேண்டிய பொருள் குறுகியது: தீங்குநிகழ்வு எட்டக்கூடிய இடத்தில் மக்கள், வீடு, பயிர், துணைமின்நிலையம், நீரேற்று நிலையம் இருப்பது. அவை தாங்குமா தாங்காதா என்ற கேள்வி இதற்குள் வராது. மூன்று சொற்களை முன்வைக்கிறேன்: ஆட்படுநிலை, எதிர்ப்படுகை, உட்படுநிலை.

---

மறு: எக்ஸ்போஷர்

சொல்லைத் தேர்வதற்கு முன் எந்த வரையறைக்குச் சொல் தேடுகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்வோம். குழப்பம் தமிழில் தொடங்கவில்லை, மூலத்திலேயே இருக்கிறது.

ஐபிசிசி-யின் (காலநிலை மாற்றம் பற்றி மதிப்பிடும் ஐ.நா. குழு) 2007 அறிக்கையில் எக்ஸ்போஷர் என்பது வல்னரபிலிட்டியின் உள்ளே ஓர் உறுப்பு. எக்ஸ்போஷர், உணர்திறன், தகவமைத்திறன் மூன்றும் சேர்ந்ததுதான் வல்னரபிலிட்டி. 2012-ன் தீவிர நிகழ்வுகள் பற்றிய சிறப்பறிக்கையிலும் 2014-ன் ஐந்தாம் மதிப்பீட்டிலும் அதை வெளியே எடுத்துத் தனியாக நிறுத்தினார்கள். இடர் என்பது தீங்குநிகழ்வு, எக்ஸ்போஷர், நலிவுநிலை மூன்றும் சந்திக்கும் இடம் என்றாயிற்று. நலிவுநிலைக்குள் உணர்திறனும் தகவமைத்திறன் குறைவும் மட்டும் மிஞ்சின. பழைய அறிக்கையையும் புதியதையும் ஒரே சொற்பட்டியலை வைத்து மொழிபெயர்த்தால் இரண்டில் ஒன்று பிழையாகும்.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு, இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021-ல் வெளியிட்ட மாநில, மாவட்ட நலிவுநிலை மதிப்பீட்டைப் பாருங்கள். அது 2014-ன் வரையறையைப் பின்பற்றியது. மாநிலப் பட்டியலில் முதலிடம் ஜார்க்கண்டுக்கு. கடற்கரையே இல்லாத மாநிலம்! புயல் அடிக்கும் தமிழ்நாடு அதற்கு மிகவும் கீழே. தவறு ஒன்றுமில்லை. அந்த அறிக்கை வறுமை, மானாவாரி வேளாண்மை, நல்வாழ்வு வசதி போன்ற உள்நிலைகளைத்தான் அளந்தது. புயல் எங்கே வரும், அதன் வழியில் யார் இருக்கிறார்கள் என்பது அதன் கேள்வியே இல்லை. ‘எளிதில் பாதிக்கப்படும் மாநிலங்கள்’ என்று செய்தியில் வரும்போது வாசகர் புயல் வரைபடத்தை நினைத்துக்கொள்கிறார்.

ஆகவே சொல்லில் ‘பாதிப்பு’ என்ற வேர் வரவே கூடாது. ‘பாதிப்புக்குள்ளாகும் தன்மை’ என்று யாராவது எழுதினால் நலிவுநிலையோடு மறுபடி ஒட்டிவிடும். அதே காரணத்தால் ‘ஆட்படுநிலை’யும் எனக்கு உறுத்துகிறது. நோய்க்கு ஆட்பட்டார் என்றால் நோய் வந்தாயிற்று என்று பொருள். எக்ஸ்போஷரில் நிகழ்வு இன்னும் வரவில்லை.

---

மறு: மறு: எக்ஸ்போஷர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே டிசாஸ்டர் என்பது அனர்த்தம், மேனேஜ்மென்ட் முகாமைத்துவம்; அடாப்டேஷனுக்கு உயிரியல் பாடநூலில் இருந்தே இசைவாக்கம் என்ற சொல் பழகியிருக்கிறது. ஆகவே இரு கரையிலும் செல்லுபடியாகிற சொல் ஒன்று கிடைத்தால் மிகவும் நல்லது.

எங்கள் பேச்சிலே ‘முகங்கொடுத்தல்’ என்ற சொல் நாளாந்தம் புழங்குகிறது. வெள்ளத்துக்கு முகங்கொடுத்த குடும்பங்கள் என்று பத்திரிகைகளிலும் எழுதுவார்கள். முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் முகங்கொடுத்தலில் சமாளித்தல் என்ற சாயல் இருக்கிறது. அது கோப்பிங் பக்கம் போய்விடும்.

எதிர்ப்படுகையும் எனக்குச் சரிவரவில்லை. அடுத்த வரியிலேயே ‘எதிர்ப்புத்திறன்’ என்று வரும் அறிக்கையில், வேகமாக வாசிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். ஒன்று கூடினால் இடர் கூடும், மற்றது கூடினால் இடர் குறையும். ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு சொற்கள் எதிரெதிர்த் திசையில் போவது ஆபத்து.

---

மறு: மறு: எக்ஸ்போஷர்

தமிழில் இதற்கு வினைச்சொல் ஏற்கெனவே உண்டு ஐயா: படு. ‘வெயில் படாத இடத்தில் வை’, ‘மழை படும்படி விட்டுவிட்டாயே’ என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். மருந்துப்புட்டியின் மேல் எழுதியிருப்பதும் இதே பொருள்தான். இங்கே ‘படு’ என்றால் ஒன்று வந்து சேரக்கூடிய நிலையில் மற்றொன்று இருப்பது. நாம் தேடும் வரையறை இதுவே.

சிக்கல் பெயர்ச்சொல்லில். ‘படுகை’ ஆற்றுக்குப் போய்விட்டது. காவிரிப் படுகையின் எக்ஸ்போஷரை எப்படி எழுதுவீர்கள்? தனியே ‘படுநிலை’ என்றால் காதில் நிற்கவில்லை. ‘படுமக்கள்’ என்றால் படுகொலை, படுகாயம் வரிசையில் சேர்ந்துவிடும். ‘இடர்படுநிலை’ அதைவிட மோசம். ஒரு ஒற்று சேர்ந்தால் இடர்ப்படுதல், அதாவது துன்பப்படுதல். அச்சுப்பிழை ஒன்றே போதும், பொருள் மாறிவிடும்.

அதனால் முன்னொட்டு வேண்டும். ‘உட்படு’ நல்ல தேர்வு. நிர்வாகத் தமிழில் ‘எல்லைக்கு உட்பட்ட’, ‘விதிகளுக்கு உட்பட்டு’ என்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரம்புக்குள் இருப்பதைத்தான் சொல்கிறது, கேடு நேர்ந்ததைச் சொல்வதில்லை. வினை, எச்சம், பெயர் எல்லாம் தடையின்றி வருகின்றன: உட்படும், உட்பட்ட, உட்படுநிலை, உட்படுபரப்பு, உட்படுநேரம்.

---

மறு: உட்படுநிலை – சோதனை வாக்கியங்கள்

மதிப்பீட்டுப் பணி செய்பவன் என்ற முறையில், சொல் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க வழக்கமான கணக்கில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு வட்டாரத்தின் வெள்ள இடருக்கு முதலில் நூறாண்டு மீள்கால மழைக்கு (எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழை) நீர் எங்கெங்கே எவ்வளவு ஆழம் நிற்கும் என்ற வரைபடம். இது தீங்குநிகழ்வு. அதன்மேல் வீடுகளின் அடுக்கை வைத்து வெட்டினால் நீருக்குள் வரும் வீடுகளின் எண்ணிக்கை. இது உட்படுநிலை. அந்த வீடுகளில் மண்சுவர் எத்தனை விழுக்காடு, தரைமட்டம் எவ்வளவு உயரம் என்பது நலிவுநிலை. எண்ணிக்கை உட்படுநிலைக்கு, விகிதம் நலிவுநிலைக்கு என்பது தொடக்கநிலைப் பணியாளருக்குச் சொல்லத்தக்க எளிய விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலான இரட்டைக் கணக்கு இதிலேயே அடைபட்டுவிடும். மக்கள்தொகை அடர்த்தியை இரண்டு பத்தியிலும் போடுவதுதான் அடிக்கடி நடப்பது. நகரங்கள் தேவையில்லாமல் மேலே ஏறிவிடும்.

அடுத்தது, இடர் மதிப்பைப் பெற இந்த மூன்றையும் கூட்டுவதா பெருக்குவதா என்பது. ஒவ்வொரு குறியீட்டையும், அதன் மதிப்பிலிருந்து மிகக்குறைந்ததைக் கழித்து வீச்சால் வகுத்து, 0 முதல் 1 வரை கொண்டுவருவார்கள். பிறகு மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஆளே இல்லாத தீவுக்கும் இடர் மதிப்பு வரும். பெருக்கினால் உட்படுநிலை 0 ஆகும் இடத்தில் இடரும் 0. ஆனால் இங்கே இன்னொரு பொறி: இந்த 0 ‘பட்டியலில் மிகக்குறைவு’ என்பதே தவிர, ‘இல்லை’ என்பதல்ல. 2,000 வீடுகள் நீரில் நிற்கும் வட்டாரம், மற்றவற்றில் அதைவிட அதிகம் இருந்தால் 0 என்று வந்துவிடும். பெருக்கினால் அதன் இடரே மறைந்துவிடும். அட்டவணையின் அடியில் ‘சுழியம் என்பது உட்படுநிலை இன்மை அன்று’ என்று ஒரு வரி கட்டாயம் போட வேண்டும். இந்த வாக்கியம் ‘வெளிப்பாடு இன்மை’ என்று வந்தால் யாருக்கும் புரியாது.

உயர வரைபடம் மாறினாலே உட்படுநிலை மாறும். விண்வெளியிலிருந்து எடுத்த உயரத்தரவு கூரையையும் மர உச்சியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். 2019-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு அந்தப் பிழையைத் திருத்தியபோது, இன்றைய உயர்ஓத மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் உலகளவில் 2.8 கோடியிலிருந்து 11 கோடியாக உயர்ந்தார்கள். கடல் அங்கேயேதான் இருந்தது. யாரும் குடிபெயரவும் இல்லை.

நடவடிக்கைகளைப் பிரிக்கும்போதுதான் சொல்லின் முழுப்பயன் தெரிகிறது. அலையாத்திக் காடு, குளம் தூர்வாரல் தீங்குநிகழ்வில். கட்டடத் தடைப் பரப்பு, துணைமின்நிலையத்தை மேட்டுக்கு மாற்றல் உட்படுநிலையில். முன்னெச்சரிக்கை, பயிர்க்காப்பீடு, உயர்ந்த அடித்தளம் நலிவுநிலையில். புயலுக்கு முன் மக்களை முகாமுக்கு அழைத்துச்செல்வது எதில்? 2013 பைலின் புயலின்போது ஒடிசாவில் லட்சக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். மக்களின் உட்படுநிலை அந்த இரவுக்குக் குறைந்தது, வீட்டுக்கும் நெல்லுக்கும் அப்படியே இருந்தது. ஆகவே ‘எதன் உட்படுநிலை’ என்று சொல்லாமல் எழுதக்கூடாது: மக்கள் உட்படுநிலை, பயிர் உட்படுநிலை, கட்டமைப்பு உட்படுநிலை.

இடமாற்றம் என்றாலே உட்படுநிலை குறைந்ததாகக் குறித்துவிடுவதும் தவறு. சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்துக்குத்தான் போனார்கள். ஆற்று வெள்ளத்துக்கு உட்பட்டிருந்தவர்கள் தேங்கும் வெள்ளத்துக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள். வேலையும் தொலைவானதால் நலிவுநிலை கூடியது. புதிய இடத்தின் கணக்கை அதே முறையில் போடாமல் பழைய இடத்து எண்ணை மட்டும் கழித்தால் அறிக்கை பொய் சொல்லும்.

---

மறு: உட்படுநிலை – சோதனை வாக்கியங்கள்

ஒரே ஓர் ஐயம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை; கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் நீர் வந்தது. நூறாண்டு வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே இருந்த தெருவில் நீர் புகுந்தால் அது ‘உட்படாத’ பகுதியா? ‘உட்பட்ட’ என்றால் கோடு உறுதியானது போலத் தோன்றிவிடாதா?

---

மறு: உட்படுநிலை – முடிவுக்கு

நியாயமான ஐயம். கோடு எந்த நிகழ்வுக்குப் போடப்பட்டது என்பதைச் சொல்லோடு சேர்த்தே எழுதுவோம்: ‘நூறாண்டு வெள்ளத்துக்கு உட்படும் வீடுகள்’, ‘குளக்கரை உடைப்புக்கு உட்படும் வீடுகள்’. நிகழ்வுப் பெயர் இல்லாத ‘உட்பட்ட பகுதி’யை அட்டவணையில் அனுமதிக்க வேண்டாம். ஒரே தெரு முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருக்கலாம்.

இலங்கை நண்பரும் மறுக்காததால் சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: எக்ஸ்போஷர் – உட்படுநிலை, எக்ஸ்போஸ்டு – உட்படும் (நிகழ்வுக்கு முன்), உட்பட்ட (நிகழ்ந்த பின்). வெப்பத்துக்கு மட்டும், பேச்சுவழக்குக்கு நெருக்கமாக, ‘வெயில்படு நேரம்’ என்பதையும் மாற்றாக வைக்கலாம். உப்பளத்திலும் கட்டட வேலையிலும் கணக்கெடுக்கப் போகிறவர்கள் அதைத்தான் வாய்விட்டுக் கேட்க முடியும். 2007 வரையறையில் எழுதப்பட்ட பழைய அறிக்கைகளுக்கு ‘உட்படுநிலை (நலிவுநிலையின் உறுப்பு)’ என்று குறிப்புச் சேர்க்கிறேன்.

சென்சிட்டிவிட்டிக்கு ‘உணர்திறன்’ என்று போட்டிருப்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். திறன் என்றாலே கூடினால் நல்லது என்று ஆகிவிடுகிறது. இங்கே அது கூடினால் கேடு.