அப்டன் பார்க் மைதானத்துல யாராவது மேட்ச் பார்த்திருக்கீங்களா?

புதுக்குடித்தனம்

வணக்கம். போன மாசம்தான் கிழக்கு லண்டன்ல கிரீன் ஸ்ட்ரீட் பக்கத்துல வாடகைக்கு வந்தோம். புது அடுக்குமாடி, மொத்தம் 842 வீடு. சென்னையில இருந்த வரைக்கும் எனக்கு கால்பந்துன்னா நடுராத்திரியில சத்தத்தைக் குறைச்சு வச்சு டிவியில பார்க்கிறதுதான்.

போன ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பெரியவர் பேரனோட வந்து எங்க பிளாக்கையே பார்த்துக்கிட்டு, கையை நீட்டி எதையோ காட்டிட்டு இருந்தார். யாரையாவது தேடுறாரோன்னு போய்க் கேட்டேன். "கார்னர் கொடி அங்கே இருந்தது"ன்னு எங்க சைக்கிள் ஷெட்டைக் காட்டினார். அப்புறம்தான் தெரிஞ்சது, 1904-லேருந்து 2016 வரைக்கும் இதுதான் வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கழகத்தோட அப்டன் பார்க் மைதானமாம்!

ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்ம ஆளுங்க ரொம்ப வருஷமா இருக்காங்களே. அந்த மைதானத்துக்குள்ள போய் மேட்ச் பார்த்தவங்க யாராவது இங்க உண்டா? எப்படி இருந்துச்சு? விக்கிப்பீடியாவுல இருக்கிறதைப் படிச்சுட்டேன், அது வேண்டாம்.

பிரயரிறோட்

தம்பியோ தங்கச்சியோ தெரியேல்லை, நல்ல கேள்வி. இவ்வளவு நாளும் ஆரும் கேக்கேல்லை.

உண்மையைச் சொன்னா, உள்ளுக்குப் போய்ப் பாத்தது ஒன்பது மட்ச்தான். ரிக்கெட் வாங்குற வசதி அப்ப இல்லை. ஆனா காதால பாத்தது நூற்றைம்பதுக்குக் குறையாது.

1993 இல வந்து பிரயரி றோட்டில மேல் மாடிப் பின்னறை ஒண்டில நாலு பெடியள் இருந்தனாங்கள். அந்த றோட் கிழக்கு ஸ்ராண்டின்ர முதுகுப்பக்கம். யன்னலைத் திறந்தா ஸ்ராண்டின்ர பின்சுவரும், கூரைக்கு மேலால விளக்குக் கம்பங்களும்தான் தெரியும். புல்லு ஒரு துளியும் தெரியாது. எனக்குப் பெற்றோல் செற்றில இரவு வேலை. சனிக்கிழமை பகல் படுத்தனெண்டா பின்னேரம் மூண்டு மணிக்கு நித்திரை முறிஞ்சிடும். முதல் வருசம் திட்டிக்கொண்டு தலகாணிக்குள்ள முகத்தைப் புதைச்சனான். ரெண்டாம் வருசம் எழும்பியிருந்து கேக்கத் துவங்கீட்டன்.

கேட்டுக் கேட்டு எல்லாம் பிடிபட்டுது. எங்கட பக்கம் கோல் அடிச்சா சத்தம் ஒரேயடியா வெடிக்கும், சமையலறையில கழுவிக் கவிட்டு வச்ச தேத்தண்ணிக் கோப்பையள் சிணுங்கும். மற்றப்பக்கம் அடிச்சா வடக்கு மூலையிலயிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம் வரும், மிச்ச இடமெல்லாம் சாவீடு. பந்து கம்பத்தில பட்டுத் திரும்பினா "ஊஊ" எண்டு ஏறி, பாதியில உடையும். நடுவர் பிழை விட்டா அந்தச் சத்தம் அடங்க ரெண்டு மூண்டு நிமிசம் செல்லும். மட்ச் முடிய ஒரு பெடியனைச் சந்திக்கு அனுப்பிக் கேப்பம். ஸ்கோர் அனேகமா நான் சொன்னதாத்தான் இருக்கும். அறைக்குள்ள பந்தயம் கட்டி, கறி வைக்கிற முறையில இருந்து எத்தனை தரம் தப்பினனான் எண்டு கணக்கில்லை.

இன்னொரு பகிடி. அவையள் நீட்டி நீட்டி "ஐயன்ஸ், ஐயன்ஸ்" எண்டு கத்துவினம். வந்த புதிசில, ஆரோ ஐயனைக் கூப்பிடுறாங்கள், கூட்டத்துக்குள்ள பூசை நடக்குதோ எண்டு நினைச்சனான். பிறகுதான் விளங்கிச்சு, அது இரும்பு. தேம்ஸ் ஆத்தங்கரையில கப்பல் கட்டின இரும்பாலைத் தொழிலாளியள் 1895 இல துவங்கின கழகம். சின்னத்தில இருக்கிற ரெண்டு சுத்தியலும் அந்த ஆணியடிக்கிற சுத்தியல்தான்.

உள்ளுக்குப் போன முதல் நாள் 2000 பெப்ரவரி 12, சனிக்கிழமை, பிரட்ஃபோர்ட்டோட. விடியப்புறம் செற்றுக்கு வந்து பேப்பரும் சுருட்டுப் புகையிலையும் வாங்குற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மகனுக்குக் காய்ச்சல் எண்டு அவன்ர சீசன் ரிக்கெட்டை எனக்குத் தந்தவர். ஏழு வருசம் சுவருக்குப் பின்னால கேட்ட சத்தத்துக்குள்ள இப்ப நானே போறன்.

வாசல்ல இரும்புச் சுழல் கதவு. தடிச்ச ஜக்கெட்டோட பக்கவாட்டாத்தான் நுழையலாம். கதிரை முன்வரிசையில. கோடு அவ்வளவு கிட்ட. பந்து எறிய வந்த ஆட்டக்காரன் மூக்கைச் சீறின சத்தம் கேட்டுது. பெரியவர் பந்தைப் பாத்ததைவிட லைன்ஸ்மனைப் பாத்ததுதான் கூட. அவனும் பாவம், ஆறடி தள்ளித்தான் நிக்கிறான், சொல்லுறதெல்லாம் அவன்ர காதில விழும். ஒருக்காத் திரும்பிப் பாத்துச் சிரிச்சவன். அதுக்கும் பேச்சு விழுந்தது.

பெரியவர் எப்பவும் மூண்டு பெப்பர்மின்ற் கொண்டுவருவாராம். துவங்கேக்க ஒண்டு, இடைவேளைக்கு ஒண்டு, 85 ஆவது நிமிசம் ஒண்டு. அண்டைக்குத் துவங்கிக் கொஞ்ச நேரத்திலயே கோலி ஹிஸ்லொப்புக்குக் கால் முறிஞ்சு தூக்கிக்கொண்டு போயிற்றினம். பதினெட்டு வயசுப் பெடியன் பைவோட்டர் முதல் மட்ச் ஆட வந்தவன், வெளிறிப்போய் நிண்டான். இடைவேளைக்கு முதலே மூண்டு பெப்பர்மின்ற்றும் முடிஞ்சுது. ரெண்டாம் பாதியில 2-4. பெனால்ரி கேட்டுக் கேட்டுக் குடுபடாமல் எங்கட ஆட்டக்காரர் டி கனியோ நிலத்தில இருந்துகொண்டு, என்னை மாத்து எண்டு மனேஜர் ரெட்நாப்புக்குக் கைகாட்டினார். சின்னப் பிள்ளையள் கோவிச்சுக்கொண்டு முத்தத்தில இருக்கிற மாதிரி. பிறகு பெனால்ரி கிடைக்க, லாம்பார்ட்டின்ர கையில இருந்த பந்தைப் பறிக்கிறார்! ஒரே கழகம், ரெண்டு பேரும் பந்தைப் பிடிச்சு இழுபறி. கனியோதான் அடிச்சவர், 4-4. கடைசியில லாம்பார்ட் அடிச்சு 5-4.

பெரியவர் என்னைக் கட்டிப்பிடிச்சவர். அவருக்கே வெக்கமாப் போச்சு. உடன தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடக்கத் துவங்கீட்டார்.

அடுத்த மாதம் 26 ஆம் திகதி, ஞாயிறு, விம்பிள்டனோட. நான் கட்டில்ல. துவங்கின சொற்ப நேரத்தில ஒரு சத்தம் வந்தது, நான் அதுவரை கேளாதது. வழமையா வெடிக்கிற கோல் சத்தத்துக்கு முன்னால ஒரு நொடி ஒண்டுமேயில்லை. இருபதாயிரத்துக்கு மேல சனம் ஒண்டாய் மூச்சை உள்ளுக்கிழுத்த மாதிரி. பிறகுதான் இடி. கீழ ஓடி ரிவியைப் போட்டா, சின்க்ளேர் தூக்கிப் போட்ட பந்தை டி கனியோ ரெண்டு காலும் நிலத்தில படாமல் அந்தரத்தில நிண்டு உதைக்கிறார். எல்லாரும் அந்தக் கோலைப் படமாத்தான் ஞாபகம் வச்சிருக்கினம். எனக்கு அந்த ஒரு நொடி மௌனம்.

கடைசி மட்ச், 2016 மே 10, மன்செஸ்ரர் யுனைட்டட். அப்ப நான் இல்ஃபோர்ட்டுக்கு மாறீட்டன், பெரியவரும் போயிற்றார். ரிக்கெட்டுக்கு வழியில்லை. நேர பிரயரி றோட்டுக்குப் போய் பழைய வீட்டு மதிலோட நிண்டனான். மன்செஸ்ரர் ஆக்களின்ர பஸ் சனத்துக்குள்ள மாட்டுப்பட்டு, யன்னலெல்லாம் அடி வாங்கி, மட்ச் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் துவங்கிச்சு. மூண்டு பெரிய சத்தம், ரெண்டு சின்னச் சத்தம். ஆரையும் கேக்காமல் பஸ் ஏறினனான். 3-2.

ஸ்ராட்ஃபோர்ட்டில இருக்கிற புது மைதானத்துக்கு ஒருக்காப் போனனான். அறுபதாயிரம் பேர் இருக்கலாம். ஒலிம்பிக்குக்குக் கட்டினது, ஆட்டக்காரர் எங்கயோ தூரத்தில எறும்பு மாதிரி. லைன்ஸ்மனைப் பேசுறதெண்டா தந்தி அடிக்கோணும்.

மாக்கெட் அக்கா

பிரயரிறோட் அண்ணை இனிப்பா எழுதியிருக்கிறார், வாசிக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா எல்லாருக்கும் அப்பிடியில்லை. நாங்கள் 1984 இல வந்தனாங்கள். மட்ச் இருக்கிற சனிக்கிழமையில அம்மா பன்னிரண்டு மணிக்கு முன்னம் குவீன்ஸ் மாக்கெட்டில மரக்கறி வாங்கிக்கொண்டு ஓடி வந்திடுவா. பிறகு திரைச்சீலை இழுத்து மூடி, ஆறு மணிவரை ஆரும் வெளிய போகேலாது. ஒருக்கா நானும் தம்பியும் பள்ளிக்கூடச் சிநேகிதி வீட்டிலயிருந்து திரும்பேக்க நாலைஞ்சு பேர் எங்களைப் பாத்துக் கத்தி, ஒருத்தன் துப்பினவன். தம்பிக்கு அப்ப ஏழு வயசு. அவன் கழுத்தில சுத்தியிருந்ததும் அவையின்ர அதே கழகத்துச் சால்வைதான்.

பிறகு நிலைமை மாறினது உண்மை. 2000க்குப் பிறகு கிரீன் ஸ்ரீற் சீலைக்கடையள் மட்ச் நாளிலயும் திறந்திருந்தது. நான் உள்ளுக்குப் போனதேயில்லை. குதிரைப் பொலிஸ்தான் எனக்கு ஞாபகம், அடுத்த நாள் காலமையும் றோட்டில கிடக்கிற சாணியும்.

தம்பி இப்பவும் ஒரு மட்ச் விடான். என்ன சொல்ல.

கணக்குப்பிள்ளை

பிரயரிறோட் அண்ணா, பதிவு அருமை, ஒரு சின்னத் திருத்தம் மட்டும். பெனால்டியில டி கனியோ அடிச்சது 3-4. 4-4 ஆக்கினது ஜோ கோல். லீக்கில அவருக்கு அதுதான் முதல் கோல். விம்பிள்டன் கோல் அந்த சீசனோட சிறந்த கோலா பிபிசி தேர்ந்தெடுத்தது.

காதால கேட்டவர்ங்கிறதால உங்களுக்குப் பிடிக்கும்னு இன்னொன்னு: அதே மைதானத்துல 1970 அக்டோபர்ல டாட்டன்ஹாம் மேட்சுக்கு 42,322 பேர். அதுதான் அங்க வந்த அதிகபட்சக் கூட்டம். பத்து வருஷம் கழிச்சு, 1980 அக்டோபர் 1, ஐரோப்பியக் கப் வின்னர்ஸ் கோப்பைப் போட்டியில ரியல் மாட்ரிட்டோட இரண்டாம் அணியான காஸ்டில்யாவோட ஆடினப்போ வந்தது 262 பேர். மாட்ரிட்ல நடந்த முதல் ஆட்டத்துல ரசிகர்கள் பண்ணின ரகளைக்குத் தண்டனையா கதவைச் சாத்தி ஆட வச்சாங்க. 5-1 ஜெயிச்சாங்க, கூடுதல் நேரத்துல. அன்னைக்கு பிரயரி ரோட்டுல இருந்தவங்களுக்கு என்ன கேட்டிருக்கும்?

பிரயரிறோட்

பிள்ளை, திருத்தத்துக்கு நன்றி. ஜோ கோலை மறந்தது என்ர பிழை. அந்த நேரம் பெரியவர் தன்ர கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவர், நானும் கதிரைக்குக் கீழ குனிஞ்சு தேடினனான். நிமிரேக்க எல்லாரும் துள்ளிக்கொண்டு நிண்டவை.

அந்த 262 பேர் மட்ச்சில என்ன கேட்டிருக்கும் எண்டா, ஆட்டக்காரர் ஆளை ஆள் பேசுறதுதான் கேட்டிருக்கும். நான் கேட்டிருந்தா ஸ்கோர் சொல்லியிருக்க மாட்டன், கறி வச்சிருப்பன்.

அக்கா, நீங்கள் சொன்னதும் நடந்ததுதான். 93 இல எனக்கும் ஒருக்கா நடந்தது. அதுக்குப் பிறகு கனகாலம் மட்ச் நாளில கிரீன் ஸ்ரீற்றால போகாமல் பின் றோட்டாலதான் வேலைக்குப் போனனான். எழுதேக்க அதை விட்டிட்டன். ஏன் எண்டு தெரியேல்லை. உங்கட தம்பியைக் கண்டா என்ர வணக்கம் சொல்லுங்கோ.

புதுக்குடித்தனம்

படிச்சு முடிச்சுட்டு வீட்டுக்காரரை எழுப்பி வாசிச்சுக் காட்டினேன் (தங்கச்சிதான், அண்ணா). எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்க தம்பியோட சால்வை மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

பழைய வரைபடத்தை வச்சுப் பார்த்தேன். எங்க பால்கனி பிரயரி ரோட்டைப் பார்த்து இருக்கு. அப்போ நாங்க இருக்கிறது கிழக்கு ஸ்டாண்ட் இருந்த இடமா, அண்ணா? உங்க பழைய வீட்டு ஜன்னல் எங்களுக்குத் தெரியுமா?

பிரயரிறோட்

தங்கச்சி, அப்பிடியெண்டா கிழக்கு ஸ்ராண்ட்தான். பால்கனியில நிண்டு பாருங்கோ. மேல் மாடியில, தண்ணிக்குழாய் வளைஞ்சு இறங்குற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சின்ன யன்னல். அந்தக் காலத்தில நீலப் பெயின்ற். நாங்கள் அந்த யன்னலால எட்டிப் பாத்தது உங்கட பால்கனி இருக்கிற இடத்தைத்தான், ஆனா அங்க அப்ப சுவர்.

வாற ஞாயிறு அந்தப் பக்கம் ஒரு அலுவல் இருக்கு. எத்தினையாம் மாடி? லிப்ற் வேலை செய்யுதோ? எனக்கு முழங்கால் சரியில்லை.