கடலோர வீட்டின் வெள்ளக் காப்பீடு: யார் பணத்தில்? – உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

நியூ ஜெர்சி, ராரிட்டன் விரிகுடாக் கரையிலிருந்து

அமெரிக்காவில் கடலோரமாக வீடு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண வீட்டுக் காப்பீடு இங்கே வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதற்குத் தனி பாலிசி வேண்டும். அரசின் வெள்ள வரைபடத்தில் அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வங்கிக் கடனில் வீடு வாங்கினால், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கட்டாயம். பாலிசியின் தலைப்பில் தனியார் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தாலும், பெரும்பாலும் பணம் தருவது 1968-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்தான். நிறுவனம் விற்கிறது, கணக்கைப் பார்த்துக்கொள்கிறது, அதற்குரிய தொகையை எடுத்துக்கொள்கிறது. நட்டம் வந்தால் அது அரசின் தலையில் விழுகிறது. ஒரு வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலரும் கிடைக்கும்.

நாங்கள் வீடு வாங்கியது 2012-இல் வந்த சாண்டி புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில். விற்றவருடைய பாலிசியை அப்படியே எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடிந்ததால் பழைய கட்டணமே சில காலம் நீடித்தது. பின்னர், நீர்நிலைக்கு எவ்வளவு தொலைவு, தரைமட்டம் எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடும் புதிய முறை, 2022 ஏப்ரல் முதல் பழைய பாலிசிகளுக்கும் வந்தது. நாமே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் உண்மையான அபாயத்துக்குரிய தொகையை எட்டும்வரை அந்த ஏற்றம் ஆண்டுதோறும் தொடரும்.

எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியின் நிலை இதைவிடச் சிக்கலானது. கணவர் காலத்திலேயே வீட்டுக் கடன் அடைந்துவிட்டதால் காப்பீடு எடுக்கும்படி எந்த வங்கியும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. சமையலறைக் கதவின் நிலையில், என் மார்பளவு உயரத்தில், 2012 அக்டோபர் 29 இரவு தண்ணீர் நின்ற மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதியும் எழுதியிருக்கிறார். பிறகு வண்ணம் பூசியவர்கள் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுப் பூசியிருக்கிறார்கள். அபாயப் பகுதியில் இருந்துகொண்டு மத்திய அரசின் உதவித்தொகை பெற்றவர் அதன்பின் காப்பீட்டைத் தொடராவிட்டால், அடுத்த வெள்ளத்தில் வீட்டைச் செப்பனிட அந்த உதவி கிடைக்காது. அவர் சாண்டியின்போது பெற்றவர். கட்டணம் ஏறுவதைக் காட்டி, நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். ஓய்வூதியத்தில் எந்தச் செலவைக் குறைத்து அதைக் கட்டுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோடையில் மட்டும் வந்து தங்கும் கடற்கரை வீட்டுக்காரரும் இதே திட்டத்தில்தான் இருக்கிறார். அவருடைய கட்டணம் ஆண்டுக்கு 25 விழுக்காடு வரை ஏறலாம், கூடுதல் கட்டணம் எங்களைப்போல் 25 டாலர் என்றில்லாமல் 250 டாலர். இருவருடைய வசதிக்கும் உள்ள இடைவெளிக்கு முன்னால் இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. பொதுப் பணத்தால் ஒருவரைத் தாங்குவதென்றால் அவருடைய வருமானத்தைப் பார்த்துத் தாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

டெக்சாஸ், கால்வெஸ்டன் விரிகுடாவுக்கு அருகிலிருந்து

நியூ ஜெர்சி நண்பருக்கு வணக்கம். அந்த அம்மையாரிடம் உங்களுக்குள்ள பரிவை மதிக்கிறேன். ஆனால் கேள்வியை நீங்கள் வீட்டுக்காரரோடு நிறுத்திவிட்டீர்கள்.

எங்கள் வீடு வரைபடத்தின் அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தது. கடன் வாங்கும்போது, வெள்ளக் காப்பீடு உங்களுக்குத் தேவையில்லை என்று கடன் அலுவலரே சொன்னார். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு நண்பர்கள் வந்து, ஈரம் ஏறிய சுவர்ப்பலகைகளை நான்கடி உயரத்துக்கு வெட்டி எடுத்துத் தெருவோரம் குவித்தார்கள். அந்தக் குவியலின் மேல் என் மனைவி ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே இருந்த காகிதக்கூழ் கொலு பொம்மைகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தசாவதார செட்டில் எது மச்சம் எது கூர்மம் என்று அவளுக்கே தெரியவில்லை. காப்பீட்டு மதிப்பீட்டாளர் பக்கத்து வீட்டுக்கு மட்டும் வந்துபோனார்.

அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் திட்டம் அரசுக் கருவூலத்துக்குத் தர வேண்டிய கடனில் 1,600 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் நிலுவை இருந்தது. ஆக, கடலையே பார்க்காத மாநிலத்து வரி செலுத்துபவரும் ஏற்கெனவே பங்கு கட்டிவிட்டார். பங்கே கட்டாதவர்கள் யார் என்று பாருங்கள்: தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த ஊராட்சியும், மண்ணைக் கொட்டி மேடாக்கி விற்றுவிட்டுப் போன கட்டுமானக்காரரும்தான். புதிய வீடுகளால் கூடும் சொத்துவரி ஊருக்கு வருகிறது. அந்த வீடுகளின் வெள்ளக் கணக்கு வாஷிங்டனுக்குப் போகிறது. வடிகால், கட்டட விதி என்று பாடுபடும் ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு 45 விழுக்காடு வரை கட்டணத் தள்ளுபடி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கண்மூடி அனுமதி தரும் ஊருக்கு இழப்பு எதுவும் இல்லையே? அந்த ஊரும் பிரீமியத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்கிறேன்.

காப்பீடு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பொதுவாக, பணம் கட்டி 30 நாள் கழித்தே பாலிசி நடைமுறைக்கு வரும். புயல் வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

இங்கிலாந்து, ஹல் நகரிலிருந்து

டெக்சாஸ் நண்பர் கேட்பதை இங்கே வேறு வழியில் ஓரளவு செய்திருக்கிறார்கள். 2013 டிசம்பரில் கடல் பொங்கி ஹம்பர் முகத்துவாரம் வழியாக எங்கள் நகருக்குள் தண்ணீர் வந்தது. வெள்ள அபாயமுள்ள வீடுகளின் காப்பீட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்ள 2016-இல் தொடங்கிய ‘ஃப்ளட் ரீ’ திட்டத்தில், வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனங்கள் அனைத்தும் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்துகின்றன. அது கடைசியில் மேட்டு நிலத்தில் இருப்பவருடைய பிரீமியத்தையும் கொஞ்சம் ஏற்றுகிறது. கவுன்சில் வரிப் பிரிவை (வீட்டின் மதிப்பைப் பொறுத்த உள்ளாட்சி வரிப் பிரிவு) வைத்தே அங்கே விலை நிர்ணயிக்கப்படுவதால் எளிய வீட்டுக்குக் குறைவு. ஆனால் 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இதில் இடமே இல்லை. நான் வீடு தேடியபோது ஒரே தெருவில் பார்த்த இரண்டு வீடுகளில் பழையதற்கு உடனே காப்பீட்டு விலை கிடைத்தது. புத்தம் புதிய வீட்டுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, தரகரே அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மீண்டும் நியூ ஜெர்சியிலிருந்து

ஹல் நண்பர் சொன்ன 2009 வரம்பை அமெரிக்காவிலும் வைக்கலாம். ஓரளவு முன்மாதிரியும் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிக்கப்பட்ட கடலோரத் திட்டுகளில் புதிதாக எழும் வீடுகளுக்கு மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டை மறுக்கிறது. வருமானம் பார்த்து உதவும் யோசனையும் 2022-இல் காங்கிரஸின் முன் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை.

ஊராட்சியின் பங்கைப் பற்றி டெக்சாஸ் நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடு கூடுகிறது. எங்கள் மாநிலத்தில் ‘புளூ ஏக்கர்ஸ்’ திட்டத்தின்கீழ், விற்க விரும்புகிறவர்களின் வீட்டை அரசே வாங்கி, இடித்து, நிலத்தை வெற்றிடமாக விட்டுவிடுகிறது. நம்மவர்கள் மளிகைக்குப் போகும் ஓக் ட்ரீ சாலை இருக்கிற வுட்பிரிட்ஜ் நகராட்சியிலேயே, சாண்டிக்குப் பிறகு இப்படித் தெருத்தெருவாக வீடுகள் போயின. கடற்கரை ஊர்கள் பலவற்றில் இதற்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, ஏனென்றால் இடித்த வீடு சொத்துவரி கட்டாது.

வாங்கப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 மார்ச் 20 முதல் நியூ ஜெர்சியில் விற்பவர், வீட்டின் வெள்ள வரலாற்றை எழுத்தில் தந்தாக வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநில அரசின் சிட்டிசன்ஸ் காப்பீட்டு நிறுவனமே, தன்னிடம் புயற்காற்றுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் வெள்ளக் காப்பீடும் எடுக்க வேண்டும் என்று படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. அங்கே இருப்பவர்கள், இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.