பிரேக்பாயிண்ட் நிபந்தனையில் & முதலா, == முதலா?

கேள்வி (மன்னார்குடி):
அனைவருக்கும் வணக்கம். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரை இயக்கும் கருவிக்குச் சி மொழியில் நிரல் எழுதி, ஜிடிபி (நிரலை இடையில் நிறுத்தி ஆராயும் பிழைதிருத்தக் கருவி) கொண்டு சோதித்து வருகிறேன். ‘நிலை’ என்னும் மாறியில் 1-இன் பிட் (இரும இலக்கம்) மோட்டார் ஓடுவதையும், 4-இன் பிட் குழாயில் நீர் இறங்கிவிட்டதையும் குறிக்கும் (பெயர்களை இங்கே தமிழில் எழுதியுள்ளேன்). நீர் இறங்கும்போது மட்டும் நிரல் நிற்க வேண்டும் என்று பிரேக்பாயிண்டுக்கு (நிரலை நிறுத்தும் இடக்குறி) நிலை & 4 == 4 என நிபந்தனை கொடுத்தேன் (முதல் குறி இரு எண்களுக்கும் பொதுவான பிட்களை எடுக்கும்; == சமமா என்று பார்க்கும்). ஆனால், மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியதுமே நிற்கிறது. நீர் இறங்கி, மோட்டாரும் அணைந்து, மதிப்பு 4 ஆக இருக்கும்போது நிற்கவே இல்லை. மேட்டூர் திறக்கும் முன்பே குறுவை நாற்றங்காலுக்கு ஆழ்குழாய் நீரை நம்பியிருப்பவர்களுக்கான கருவி இது என்பதால், விரைவில் சரிசெய்ய விரும்புகிறேன்.

பதில் 1 (கும்பகோணம்):
ஐயா, சி நிரலைச் சோதிக்கும்போது ஜிடிபி அம்மொழியின் முன்னுரிமையையே (எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்ற வரிசை) பின்பற்றும்; அதில் == என்பது &-ஐ விட முந்தியது. ஆகவே முதலில் 4 == 4 கணக்கிடப்பட்டு 1 கிடைக்கிறது; எஞ்சுவது நிலை & 1, அதாவது மோட்டார் ஓடுகிறதா என்ற கேள்வி. தொடக்க காலத்தில் && (இரு நிபந்தனைகளும் உண்மையா என்று பார்க்கும் குறி) தனியாக இல்லாமல், நிபந்தனைகளில் &-ஏ அந்த வேலையையும் செய்தது; பிறகு && வந்தபோதும், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் கெடக்கூடாதென்று &-இன் இடத்தை மாற்றாமல் விட்டார்கள். இதே வரி நிரலுக்குள் இருந்திருந்தால், எச்சரிக்கைகளை இயக்கிய ஜிசிசி (சி நிரலை இயங்கும் வடிவாக்கும் தொகுப்பி) அடைப்புக்குறி இடச் சொல்லியிருக்கும். ஜிடிபி எதுவும் சொல்லாது. (நிலை & 4) == 4 என்று எழுதுங்கள். பிரேக்பாயிண்டை அழிக்க வேண்டாம். ‘கண்டிஷன்’ கட்டளையில் அதன் எண்ணையும் புதிய நிபந்தனையையும் கொடுத்தால் போதும்.

பதில் 2 (திருவாரூர்):
மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தவறியும் ஒற்றை = இட்டுவிடாதீர்கள். நிலை = 4 என்றால், அந்த வரியை அடையும் ஒவ்வொரு முறையும் ஜிடிபி மாறியில் 4-ஐ எழுதிவிட்டு நிற்கும்; மோட்டார் இணைப்பில் இருக்கும்போது இது ஆபத்து. நீர்மட்ட அளவீடுகளைப் பார்க்க @ (அடுத்தடுத்த பல மதிப்புகளைக் காட்டும் ஜிடிபி குறி) பயன்படுத்துவீர்களானால், அது கூட்டலுக்குப் பின்னரே கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்: *மட்டம்@8+1 என்றால் ஒன்பது அளவீடுகள் வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிரிண்ட் கட்டளையில் 4 & 4 == 4 என்று கொடுத்தபோது 0 வந்தது; அடைப்புக்குறி இட்டதும் 1 வந்தது. மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, நீர் இறங்கியதற்கான உணரிக் கம்பியை வாளித் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தேன். நிரல் உரிய வரியில் நின்றது.