ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தந்தவர்களிடம் மறுபடியும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்போது கேட்கலாம்?

பதில் 1: நமக்காகக் கேட்கிறோம் என்று நினைப்பதால்தான் கூச்சம். பணம் வந்த 48 மணி நேரத்துக்குள் நன்றி சொல்லுங்கள். அதிலேயே அடுத்த கோரிக்கையை நுழைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில், அவர் பணம் என்ன வேலைக்கு ஆனது என்று ஒரு பத்தி, ஒரு படம். அதற்குப் பிறகு கேளுங்கள்.

பதில் 2: தொகையைச் சொல்லியே கேளுங்கள். ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்றால் தள்ளிப்போடுவார்கள். கேட்டதும் பேச்சை நிறுத்துங்கள். மௌனத்துக்குப் பயந்து நாமே தொகையைக் குறைப்பதுதான் வழக்கமான தவறு.

பதில் 3: மறுத்தால், தொகையா, நேரமா, திட்டமா எது தடை என்று விசாரித்து அன்றே குறித்துவையுங்கள். பெயரைப் பிழையாக எழுதிய நன்றிக் கடிதம், அனுப்பாததைவிட மோசம்!